பென் கேனன்-டோக்: ஓடத் தொடங்கும்போதெல்லாம் படுக்க வைக்கும் கால்

வலதுவிங் (இழையைத் தொடங்கியவர்)

2026 கால்பந்து உலகக் கோப்பைக் குழுக்கள் அறிவித்தாயிற்று. ஸ்காட்லாந்துக்கு பிரேசில், மொராக்கோ, ஹைட்டி. 1998க்குப் பிறகு இப்போதுதான் போகிறார்கள் என்பதால் இங்கே எந்த இழையைத் திறந்தாலும் மெக்டாமினேயின் பைசிகிள் கிக், மெக்லீன் பாதி மைதானத்திலிருந்து தூக்கி அடித்தது, இவைதான். அந்த பைசிகிள் கிக்குக்குப் பந்து கொடுத்த பையனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆகவே தனி இழை.

2025 நவம்பர் 18, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், தகுதிச்சுற்று ஆட்டம். மூன்றாவது நிமிடத்தில் வலது ஓரத்திலிருந்து கிராஸ் போட்டவர் பென் கேனன்-டோக். ஏறக்குறைய இருபதாவது நிமிடத்தில் அதே பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். தொடையின் பின்தசை. டென்மார்க்கை 4-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவர் பங்கு அவ்வளவுதான். மூன்று நாள் முன்னால் கிரீஸில் 3-0 என்று பின்தங்கியிருந்தபோது நாட்டுக்காகத் தன் முதல் கோலை அடித்திருந்தார் (3-2 என்று தோற்றார்கள், அது வேறு). வயது 20 ஆகி சரியாக ஒரு வாரம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அயர்ஷரில் டால்ரி என்ற சிற்றூர்க்காரர். செல்டிக்குக்கு 16 வயதில் ஆடினார், இரண்டே ஆட்டம், அதில் ஒன்று ரேஞ்சர்ஸை 3-0 என்று வென்ற டெர்பி. 2022 மார்ச்சில் லிவர்பூல் சுமார் 6 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்துத் தூக்கிக்கொண்டது. அந்த ஆண்டு பாக்ஸிங் டே அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக பிரீமியர் லீக்கில் இறங்கிவிட்டார். அப்போது 17.

அப்புறம் காயங்களின் வரிசை. 2023 டிசம்பரில் முழங்கால் ஜவ்வு, அறுவை, சீசன் முடிந்தது. 2024 யூரோவுக்கான (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) முதல் பட்டியலில் ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் கிளார்க் துணிந்து பெயர் சேர்த்தார். மறுபடி காயம், ஜெர்மனிக்கே போகவில்லை. மிடில்ஸ்பரோ கிளப்புக்குக் கடனாகப் போய்க் கலக்கிக்கொண்டிருந்தபோது 2025 ஜனவரியில் தொடை, அதற்கும் அறுவை. இப்போது இது.

என் கேள்வி ஒன்றுதான். காயம் இவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? எல்லோரும் வேகம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். என் பார்வையில் வேகம் போகவில்லை. போனது ஆட்டங்கள்.

---

ரெட்கார்டு ராஜா

நண்பா, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இவர் கண்ணாடிக் கால் ரகம். 20 வயதுக்குள் முழங்கால், முன்தொடை, பின்தொடை மூன்றும் பார்த்தாயிற்று. போர்ன்மத் கிளப் 2 கோடி பவுண்டும் அதற்கு மேல் போனஸும் கொடுத்து வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, வாங்கிய வண்டி ஒர்க் ஷாப்பில். லிவர்பூல் விற்றது சும்மாவா? வலது ஓரத்தில் (விங்) ஆடும் சலாவுக்கு அடுத்து யார் என்று தேடிக்கொண்டிருந்த கிளப் கையிலிருந்த வலதுவிங்கை விற்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

---

கிளாஸ்கோ மழை

ராஜா, கொஞ்சம் பொறுங்கள். இங்கே கிளாஸ்கோவில் அடுத்த நாள் காலை பேருந்தில், கடையில், எங்கேயும் இதே பேச்சு. வெற்றியைக் கொண்டாடிவிட்டு அடுத்த மூச்சில் "அந்தப் பையனுக்கு என்னாச்சு?" என்றுதான் கேட்டார்கள். காரணம் உண்டு. ஸ்காட்லாந்து அணியில் நடுக்களம் நிறைய இருக்கிறது: மெக்டாமினே, மெக்கின், கில்மர், ஃபெர்குசன். இடது பக்கம் ராபர்ட்ஸனும் டியர்னியும். எதிராளியை நேருக்கு நேர் பார்த்து ஓடிக் கடந்து போகிறவர் பல ஆண்டாகக் கிடையாது. இவர் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

2024 நவம்பரில் குரோஷியா ஆட்டத்தைப் பாருங்கள். எதிரே நின்றவர் மான்செஸ்டர் சிட்டியின் க்வார்டியோல். சாதாரண ஆளா? அவரை அன்று முழுக்க இந்த 19 வயதுப் பையன் படுத்தி எடுத்தார். மெக்கின் கடைசியில் அடித்த கோலில் 1-0. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கண்ணாடி என்று சொல்ல மாட்டார்கள்.

---

ரெட்கார்டு ராஜா

க்வார்டியோலைப் படுத்தினார், சரி. இரண்டு மாதத்தில் படுத்துவிட்டாரே.

---

தசைநார்

நான் பிசியோ. விளையாட்டுக் காயங்கள்தான் தொழில். இவரைப் பரிசோதித்தவன் இல்லை, வெளியே வந்த செய்திகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

மூன்றும் வேறு வேறு காயம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். முழங்காலில் கிழிந்தது மெனிஸ்கஸ், நம் ஊரில் எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிடுவோம். அதைத் தைத்தால் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம்; கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்தால் சில வாரத்தில் ஓடலாம், ஆனால் வயது ஏறும்போது மூட்டு கணக்குக் கேட்கும். 18 வயதுப் பையனுக்கு முடிந்தவரை தைக்கத்தான் பார்ப்பார்கள். முன்தொடைத் தசை பந்தை ஓங்கி அடிக்கும்போதும் ஓட்டத்தை எடுக்கும்போதும் இழுபடும். பின்தசை முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னே வீசி தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், நீண்டுகொண்டே இறுகும். அந்த நொடியில்தான் கிழியும். வேகமான ஆட்களுக்கு அதிகம் கிழிவதில் ஆச்சரியம் இல்லை. மெதுவாக ஓடுகிறவருக்கு அந்த இழுவிசையே வராது.

இது இவருக்கு மட்டுமான கதையும் இல்லை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ நடத்திய நீண்டகால ஆய்வில், மொத்தக் காயங்களில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02ல் 12 சதவீதம், 2021-22ல் 24 சதவீதம். இரட்டிப்பு. அப்படியானால் கிளப்புகளில் பாதிப் பேரையும் கண்ணாடி என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: ஓரிடத்தில் காயம்பட்டுப் படுத்து எழுந்தவர் அடுத்த இடத்தில் காயப்படுவது சகஜம். முழங்காலைக் காப்பாற்ற உடம்பு ஓட்டத்தையே லேசாக மாற்றிக்கொள்ளும். வலி போன பிறகும் அந்த மாற்றம் போகாது. அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் எங்கள் வேலையில் கஷ்டமான பகுதி. ஸ்கேனில் தெரியாது.

---

வலதுவிங்

தசைநார் சார், நன்றி. நான் சொல்ல வந்ததற்கு இது பக்கபலம். கணக்குப் பாருங்கள். 2022 ஜனவரியில் செல்டிக் அறிமுகம். இப்போது 2025 டிசம்பர். இந்த நான்கு ஆண்டில் வாரா வாரம் பெரியவர்களோடு லீக் ஆடியது மிடில்ஸ்பரோவில் இருந்த ஐந்து மாதம் மட்டுமே. அங்கே பயிற்சியாளராக இருந்த கேரிக் நம்பி வலது பக்கம் நிறுத்தினார். 24 ஆட்டம், 3 கோல், 7 அசிஸ்ட் (கோலுக்குக் கொடுத்த பந்து). அதிலும் முதல் சில வாரங்களையும் ஜனவரியையும் ஒப்பிட்டால் இரண்டு வேறு ஆட்டக்காரர்கள். ஆரம்பத்தில் பந்து கிடைத்தால் உடனே தலை குனிந்து ஓட்டம். போகப் போக, நின்று, பின்காப்பாளரை நெருங்க விட்டு, கடைசி நொடியில் கிளம்பினார். எப்போது ஓடக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தின் நடுவில் தொடை போயிற்று.

அதைப் பயிற்சி மைதானத்தில் கற்க முடியாது. ஜிம்மில் முடியவே முடியாது.

---

98 ரசிகன்

தம்பி வலதுவிங், நல்ல இழை. கிழவன் ஒரு பழைய கதை சொல்லவா? 1998 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து தொடக்க ஆட்டம் ஆடியது, பிரேசிலோடு. 2-1 தோல்வி, டாம் பாய்ட் சொந்த கோல். நார்வேயோடு 1-1. மொராக்கோவிடம் 3-0 வாங்கிக்கொண்டு வீடு. இந்த முறையும் அதே பிரேசில், அதே மொராக்கோ என்று பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதே கோப்பையில் ஆடிய இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனை. 18 வயதில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்த கோல். அடுத்த ஏப்ரலில் லீட்ஸ் மைதானத்தில் ஓடும்போது பின்தொடை கிழிந்தது. அதற்குப் பிறகு தான் பழைய ஓட்டக்காரன் இல்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லிவிட்டார். அந்த வயதுக்குத் தாங்காத அளவு ஆட்டங்களை ஆட வைத்ததுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். இங்கே தலைகீழ். ஆட்டமே ஆடாத பையனுக்கு அடி மேல் அடி.

---

ரெட்கார்டு ராஜா

அண்ணே, அந்த ஓவன் 2001ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வாங்கினார். காயத்தோடு ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எல்லாம் சோகக் கதையாகவே போகிறது.

---

98 ரசிகன்

வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வயதை நெருங்கும்போது எப்படி ஆடினார் என்பதையும் பார்த்திருப்பீர்கள்.

---

தசைநார்

இருவரும் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. தசையும் தசைநாணும் ஓட்டச் சுமையைப் பழக்கத்தில்தான் தாங்கும். அதிகமாக ஆடினாலும் ஆபத்து, பல மாதம் ஆடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று முழு வேகத்துக்குப் போனாலும் ஆபத்து. கேனன்-டோக்கின் 2025 இலையுதிர்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் பெரும்பாலும் பெஞ்ச், இருபது நிமிடம், பத்து நிமிடம். நாட்டு அணிக்கு வந்தால் முதல் பதினொன்றில் இடம், அதுவும் வாழ்வா சாவா ஆட்டம். வாரத்தில் கிடைக்கும் சுமைக்கும் அந்த இரண்டு இரவின் சுமைக்கும் இடையே பெரிய பள்ளம். அதனால்தான் கிழிந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஆட்கள் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

---

செர்ரி

போர்ன்மத் ரசிகனாக ஒரு வார்த்தை. எங்கள் பயிற்சியாளர் இரவோலாவின் ஆட்டம் எதிரணியை அவர்கள் பாதியிலேயே மடக்கும் ஆட்டம். விங்கர் முன்னேயும் ஓட வேண்டும், பின்னேயும் ஓட வேண்டும். செப்டம்பர் 1, ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தை மூடும் நாளில் வந்த பையனை அடுத்த வாரமே இறக்கியிருந்தால் நீங்களே அவரைத் திட்டியிருப்பீர்கள். மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார். நாட்டு அணி வந்து உடைத்துக் கொடுத்துவிட்டது. சம்பளம் யார் கொடுப்பது? நாங்கள்.

---

கிளாஸ்கோ மழை

செர்ரி, சம்பளக் கவலை பாதிதான் உண்மை. நாட்டு அணிக்கு ஆடும்போது காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் ஆளின் சம்பளத்தைக் கிளப்புக்குத் தருகிறது. நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை, ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ. ஆள் இல்லாத குறையை அது தீர்க்காதுதான். ஆனால் "சம்பளம் யார் கொடுப்பது" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

---

செர்ரி

தகவலுக்கு நன்றி. பணம் வந்தாலும் ஜனவரியில் வலது பக்கம் ஆடப் பணத்தையா இறக்குவோம்? 😀 சரி விடுங்கள். கோபம் பையன் மேல் இல்லை.

---

வலதுவிங்

யாராவது இதையும் பேசுவார்கள் என்று காத்திருந்தேன், பேசவில்லை. 16 வயதில் லிவர்பூல் போனது சரியா?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பாவிலிருந்து 18 வயதுக்குக் கீழே யாரையும் எடுக்க முடியாது. ஸ்காட்லாந்து அதே ஐக்கிய இராச்சியம், எல்லைக்கு மேலே போய் அள்ளலாம். செல்டிக்குக்குக் கிடைத்தது 6 லட்சம். மூன்றரை ஆண்டு கழித்து லிவர்பூல் அதே பையனை விற்றது 2 கோடிக்கு மேல். வியாபாரமாகப் பார்த்தால் லிவர்பூலுக்கு லாபம், செல்டிக்குக்கு வயிற்றெரிச்சல். பையனுக்கு? செல்டிக்கிலேயே இருந்திருந்தால் 18 வயதில் லீக்கில் நாற்பது, ஐம்பது ஆட்டம் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். சலா இருக்கும் அணியில் வலது விங் எப்படிக் கிடைக்கும்?

---

கிளாஸ்கோ மழை

இந்த வாதத்தைப் பாதிதான் ஏற்பேன். லிவர்பூலின் மருத்துவக் குழு, மறுவாழ்வு வசதி செல்டிக்கில் இருந்திருக்காது. முழங்கால் கிழிந்தபோது அவர் சரியான இடத்தில்தான் இருந்தார். ஆட்டங்கள் குறைந்தது உண்மை. ஆனால் 2023-24ல் பயிற்சியாளர் க்ளாப் காலத்திலேயே யூரோப்பா லீக்கில் ஆடினார், அவரைக் கடனாக வாங்க மற்ற கிளப்புகள் வரிசையில் நின்றன, காயம்தான் கெடுத்தது. எல்லாவற்றையும் இடமாற்றத்தின் தலையில் கட்ட முடியாது.

உங்கள் பக்கம் நிற்கும் உதாரணம் வேண்டுமானால் கால்வின் ராம்ஸி. அபர்டீனில் வலது பின்காப்பாளர், 2022ல் ஸ்காட்லாந்து பத்திரிகையாளர்களின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது, அதே கோடையில் லிவர்பூல். போனதுமே முதுகுக் காயம். பிறகு முழங்கால் அறுவை. அப்புறம் பிரெஸ்டன், போல்டன், விகன், கில்மார்னக் என்று கடனுக்கு மேல் கடன். அங்கே காயம் வேகத்தையோ திறமையையோ விட, ஒரு மனிதன் ஓரிடத்தில் நிலைப்பதையே பறித்துவிட்டது. அதைப் பார்க்கும்போது கேனன்-டோக் பரவாயில்லை.

---

98 ரசிகன்

மீண்டு வந்தவர்களையும் சொல்லுங்கள். அதே நவம்பர் 18 அணியைப் பாருங்கள், அது கால்பந்து அணியா, எலும்பு முறிவு வார்டா? கோல்கீப்பர் கிரெய்க் கோர்டனுக்கு 42 வயது. முழங்கால் தசைநாண் பிரச்சினையில் இரண்டு ஆண்டு கிளப்பே இல்லாமல் இருந்தவர், 2014ல் செல்டிக்குக்கு வந்தார், 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகும் நிற்கிறார். 90 நிமிடத்துக்கு மேல் மூன்றாவது கோல் அடித்த டியர்னி 2024 யூரோவில் ஸ்விட்சர்லாந்து ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் போனவர், அதே பின்தொடை.

---

கிளாஸ்கோ மழை

ஆரன் ஹிக்கியை மறந்துவிட்டீர்களே அண்ணே! 2023 அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டில் பின்தொடை போனது. சில வாரம் என்று நினைத்தார்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. யூரோவே போயிற்று. அவருக்கும் அப்போது 21தான். திரும்பி வந்து இந்தத் தகுதிச்சுற்றில் ஆடினார்.

லூயிஸ் ஃபெர்குசன் கதைதான் எனக்குப் பிடித்தது. 2024 ஏப்ரலில் ஏசிஎல்லும் (முழங்காலின் முன்பக்கக் குறுக்குத் தசைநார்) மெனிஸ்கஸும் ஒன்றாகப் போனது. அந்த சீசனின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருதை இத்தாலிய லீக்கான சீரி ஆ அவருக்குக் கொடுத்தது, வாங்கும்போது ஆட முடியாத நிலை. நவம்பரில் திரும்பினார். 2025 மே மாதம் மிலானை 1-0 என்று வென்று பொலோனியாவின் கேப்டனாக இத்தாலியக் கோப்பையைத் தூக்கினார். அந்த கிளப்புக்கு 51 ஆண்டுக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை.

---

ரெட்கார்டு ராஜா

ஃபெர்குசன் நடுக்களம். அவர் பிழைப்பு மூளையில். இவர் பிழைப்பு காலில். ஒப்பிடவே கூடாது.

---

தசைநார்

ராஜா சொன்னதில் இந்த ஒன்றை ஏற்கிறேன். ஏசிஎல் பெரிய காயம், ஆனால் பாதை தெளிவு: இத்தனை மாதம், இந்தப் பரிசோதனை, பிறகு களம். பின்தொடை அப்படி இல்லை. தசையின் சதைப் பகுதி கிழிந்தால் சீக்கிரம் ஆறும். உள்ளே ஓடும் தசைநாண் வரை போனால் நாளும் நீளும், மறுபடி கிழியும் வாய்ப்பும் கூடும். இவருக்கு அறுவை என்றதும் சின்னக் கிழிசல் இல்லை என்று புரிந்தது.

அறுவைக்குப் பிறகு முதலில் நடை, பிறகு வலிமை. நார்டிக் என்று ஒரு பயிற்சி உண்டு, முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. பார்க்க எளிது, செய்து பாருங்கள், மறுநாள் மாடிப்படி இறங்க மாட்டீர்கள். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல கிளப்புகளில் வலிக்கிறது என்று ஆட்டக்காரர்களே தட்டிக்கழிப்பார்கள்.

பிறகுதான் ஓட்டம். அதில் கடைசிப் பத்து சதவீத வேகம்தான் சோதனை. முக்கால் வேகத்தில் எல்லோரும் நன்றாக ஓடுவார்கள். விங்கர் ஆட்டத்தில் முழு வேகத்தில் ஓடுவார், அதுவும் திரும்பிப் பார்க்காமல். பயிற்சியில் அதை வாரா வாரம் தொட்டுப் பழக்காமல் களத்துக்கு அனுப்பினால் திரும்பவும் ஸ்ட்ரெச்சர்தான்.

---

வலதுவிங்

அப்படியானால் நேரடியாகக் கேட்கிறேன் சார். ஜூனில் ஆட முடியுமா?

---

தசைநார்

தேதி கேட்டால் எந்த பிசியோவும் தலையைச் சொறிவார். நான் தேதியைப் பார்க்க மாட்டேன். ஏப்ரல், மே மாதத்தில் போர்ன்மத்துக்காக எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்று பார்ப்பேன். தொடர்ச்சியாகச் சில வாரம் ஐம்பது, அறுபது நிமிடம் ஆடியிருந்தால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். லீக்கில் ஒரு பத்து நிமிடம் இறங்கிவிட்டு நேராக அமெரிக்கா என்றால், பெஞ்சில் வைத்துக் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் என்பேன். 2024 யூரோவுக்கு முன்பும் நீண்ட காயத்திலிருந்து நேராக முகாமுக்குத்தான் வந்தார். முகாமிலேயே முடிந்தது.

---

செர்ரி

நிமிடம் கொடுக்க வேண்டியது இரவோலா. அவருக்கு அணி புள்ளி எடுப்பதுதான் கவலை, ஸ்காட்லாந்தின் உலகக் கோப்பை இல்லை. உடம்பு தயாராக இருந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே.

---

ரெட்கார்டு ராஜா

நான் கிளார்க்காக இருந்தால் கூட்டிப் போவேன். சிரிக்காதீர்கள். கண்ணாடி என்று சொன்னது நான்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் 26 பேர் பட்டியல். 26வது ஆளாக மூன்றாவது நடுப் பின்காப்பாளரின் மாற்றைக் கொண்டுபோய் வெயிலில் உட்கார வைப்பதற்கு இருபது நிமிடம் மட்டும் ஆடக்கூடிய இவர் மேல். ஹைட்டி ஆட்டம் 0-0 என்று இழுத்துக்கொண்டு போனால் வேறு யாரை இறக்குவீர்கள்?

---

வலதுவிங்

ராஜாவே இறங்கி வந்துவிட்டார் 😀

நான் எதிர்ப்பக்கம் போகிறேன். ஏப்ரலுக்குள் நிமிடங்கள் கிடைக்கவில்லை என்றால் கூட்டிப் போகக் கூடாது. இருபது வயது. 2028 யூரோ பிரிட்டனிலும் அயர்லாந்திலும்தான், ஹாம்ப்டனிலேயே ஆட்டம் உண்டு. கோடை முழுக்கப் பயிற்சி எடுத்து ஆகஸ்டில் போர்ன்மத்துக்கு முழு சீசன் ஒன்று ஆடட்டும். அறிமுகமாகி நான்கு ஆண்டாகிறது, ஒரு முழு சீசன் கூட அவருக்கு வாய்க்கவில்லை. உலகக் கோப்பையை விட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

---

கிளாஸ்கோ மழை

இதை இங்கே ஏதாவது ஒரு பப்பில் சொல்லிப் பாருங்கள். உயிரோடு வெளியே வர மாட்டீர்கள். 28 ஆண்டு காத்திருந்த ஊர் ஐயா இது. பையனிடமே கேட்டால் ஒற்றைக் காலிலாவது வருகிறேன் என்பார்.

---

தசைநார்

அதனால்தான் அவரிடம் கேட்கக் கூடாது என்கிறோம்.

---

98 ரசிகன்

சரி, எனக்கு ஒரு உதவி. ஹைட்டி ஆட்டம் நம் நேரத்துக்கு எப்போது? இங்கே ஒருவர் இரவு என்கிறார், ஒருவர் காலை என்கிறார்.

---

வலதுவிங்

பாஸ்டனில் ஜூன் 13 இரவு 9 மணி. நமக்கு 14 ஞாயிறு காலை 6:30. மொராக்கோ ஆட்டமும் பாஸ்டன்தான், நமக்கு 20ஆம் தேதி அதிகாலை 3:30. பிரேசில் மயாமியில், 25 அதிகாலை 3:30. ஹைட்டி ஆட்டத்துக்கு மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே, காபியோடு பார்த்துவிடலாம். பிப்ரவரியில் அவர் புல்லில் ஓடத் தொடங்கிய செய்தி வந்தால் இதே இழையில் போடுகிறேன்.